நௌரஸுக்காகத் தூக்கிய கை

அன்பு மகன் ஹைகலுக்கு உன் உம்மா எழுதுவது. அந்தப் பனி தேசத்தில் அல்லாஹ் உன்னைச் சளி, காய்ச்சல் அண்டாமல் வைத்திருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஒலிவ் பறிப்பு முடிந்தது, இந்த வருடம் காய் சிறுத்துவிட்டது. உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி, அதைவிடப் பெரிய தொல்லை, மனிதர் வாயே திறப்பதில்லை. உன் தங்கச்சி நௌரஸ் நம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, போன் செய்தால் எடுப்பதுமில்லை. தங்கச்சிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாயே, அதைப் போனில் சொல்லப் போனால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெந்தூபா கல்லூரியில் அவள் விவாத மன்றத்தில் இருப்பது உனக்குத் தெரியும். அந்தக் கல்லூரிக்கு அமைச்சர் வருகிறார் என்று சேதி வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தபோது நம் காட்டாற்றுக்குப் பாலம் போடுகிறேன் என்று சொல்லி, நம் வீட்டு ரொட்டியை எண்ணெயில் தொட்டுத் தின்றுவிட்டுப் போனாரே, அவரேதான். பாலம் வரவில்லை, வெள்ளம் வந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்த உன் தம்பி வஸீமை அடித்துக்கொண்டு போனது. மன்றத்துப் பிள்ளைகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஒருவன் புறக்கணிப்போம் என்றானாம், ஒருத்தி கறுப்புத் துணி கட்டுவோம் என்றாளாம். தலைவன் எல்யெஸ்தான், "கத்தினா போலீஸ் நம்மளத் தூக்கிட்டுப் போகும், அவரு ஜாலியா காரேறிப் போயிடுவாரு. நமக்குத் தெரிஞ்சது பேசுறது, அதையே செய்வோம்" என்றிருக்கிறான். பாலம் இல்லாமல் போனது அரசின் குற்றமா இல்லையா என்று அவர் முன்னாலேயே விவாதம் வைப்பது, கடைசியில் சபையே கை தூக்கித் தீர்ப்புச் சொல்வது, அதைக் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யார் எந்தப் பக்கம் பேசுவது என்று அங்கே சீட்டுப் போடுவார்கள், விழுந்ததை மாற்றக்கூடாது. நௌரஸுக்கு விழுந்தது அமைச்சர் பக்கம்.

வேறு சீட்டுப் போடலாம் என்று எல்லோரும் சொல்லியும் இவள் கேட்கவில்லையாம். "நான் அரைகுறையாப் பேசித் தோத்தா அவரு சிரிச்சிட்டுப் போவாரு. அவரு பக்கத்த அவரவிட நல்லாப் பேசணும், அதுக்கப்புறமும் சபை ஒத்துக்கக் கூடாது. அப்பத்தான் உறைக்கும்" என்றாளாம். இதெல்லாம் எல்யெஸ் எனக்குப் பிறகு சொன்னது. என்னிடம் அந்த அழுத்தக்காரி சொன்னது, "உம்மா, வந்தா வா. நான் என்ன பேசினாலும் பாதியில எந்திரிச்சுப் போயிடாத" என்பது மட்டும்தான். ஊர்ப் பெண்களோடு வேன் பிடித்துப் போனேன். அவள் பேசினாள் பார், மழை யார் கையிலும் இல்லை, நாட்டில் காட்டாறு ஒன்றா இரண்டா, வானொலியில் எச்சரித்தார்கள், அந்தப் பையனை யாரும் கொல்லவில்லை என்று. மகனே, சொல்ல நாக்கூசுகிறது, அவள் பேசப் பேச வஸீம் போனதிலிருந்து என் நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒருத்தி, "கூடப்பொறந்தவனையே வித்துட்டா பாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்யெஸ் எழுந்து, நௌரஸ் சொன்னதை ஏற்பவர்கள் கை தூக்குங்கள் என்றான். ஒரு கைகூட எழவில்லை. என் பெண் மேடையில் தனியாக நிற்கிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, என் கை எழுந்துவிட்டது. செத்த பிள்ளையின் தாயே தூக்குகிறாளே என்று பக்கத்துப் பெண்கள் தூக்கினார்கள், அவர்களைப் பார்த்துப் பின்வரிசைகள் தூக்கின. அடுத்து மறுபக்கத்துக்குக் கை கேட்டபோது முதலில் எழுந்தது மேடையிலிருந்த நௌரஸின் கை. என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். ஆளுக்கு ஒரு தடவைதான், என் கை செலவாகிவிட்டது. அமைச்சர் பக்கம் ஜெயித்தது.

அவர் இறங்கி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரொம்பப் பெரிய மனசும்மா ஒங்களுக்கு" என்றார், படம் எடுத்தார்கள். வாசல் படியில் நௌரஸ், "உனக்காகத்தானே உம்மா இத்தனையும். நீயே கை தூக்கிட்டியே" என்றாள். அழக்கூட இல்லை, போய்விட்டாள். பாலத்துக்கு மறுபடி மனுக் கொடுக்கப் போன உன் வாப்பாவை, "ஒங்க வீட்டம்மாவே மன்னிச்சுட்டாங்க, நீங்க என்ன பெரியவரே" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான். நேற்றும் மழை பெய்தது, நம் ஊர்ப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினார்கள். நான் கரையில் நின்று கடைசிப் பிள்ளை ஏறும்வரை பார்த்துவிட்டு வந்தேன்.

உனக்கு நீண்ட ஆயுளையும் கண்ணியமான பிழைப்பையும் அல்லாஹ் தரட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. தங்கச்சியைக் கூப்பிட்டுப் பேசு, நீ கூப்பிட்டால் எடுப்பாள். உம்மாவை மன்னித்துவிடு என்றெல்லாம் அவளிடம் கெஞ்சவேண்டாம். "உம்மா உன் பேச்சை நம்பிக் கை தூக்கவில்லை, உனக்காகத்தான் தூக்கினாள்" என்று மட்டும் அவளிடம் சொல். அதில் பாதிதான் உண்மை என்பது உன்னோடு இருக்கட்டும்.

உன் உம்மா,
ஸொஹ்ரா