உன் சைக்கிளில் இருந்த வெள்ளைக் கிரீஸ்

மச்சான்,

மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாடை இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. இன்று காலை செமோரில், உன் வீட்டுக் கார் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து உன் சைக்கிளைப் பிரித்தேன். உன் மனைவிதான் கூப்பிட்டார்.

"அண்ணே, மார்க்கெட்டுக்கு இதுலயே போலாம்னு பாக்குறேன். ஆனா அவரு எப்பவும் கனமா இருக்குன்னு சொல்லுவாரே, என் முட்டி தாங்குமா?"

தாங்காது என்றுதான் நானும் நினைத்தேன். பெடல் அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே. ரப்பர் தோட்டப் பள்ளியில் நாம் வாத்தியார்களாக வேலை பார்த்தபோது, ரப்பர் பால் கட்டியைத் தகடாக அழுத்தும் மிஷினுக்குப் போடுகிற, தார் மாதிரியான கிரீஸை ஒரு டின் நிறைய வாங்கிவந்து சைக்கிளுக்கு அப்பினாய். எதற்கு இது என்று கேட்டேன்.

"மழைத்தண்ணி உள்ள போகாதுலா. உன் வெள்ளக் கிரீஸ் ரெண்டு மழையில கஞ்சியாயிரும்."

உறைந்த நெய்யில் கரண்டியைச் சுழற்றிப் பார், உருகிய நெய்யிலும் சுழற்றிப் பார், எதில் கை வலிக்கிறது என்று, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் உனக்கும் சொன்னேன். "பாடத்தை நாளைக்கு எடுங்க வாத்தியாரே" என்று சிரித்தாய். நாம் ஓய்வு பெற்ற பிறகும் அந்த டின் தீரவில்லை.

கடைசி வருடம் நீ பின்தங்க ஆரம்பித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் சேர்ந்து சைக்கிளில் போகும்போது சின்ன மேட்டுக்குக்கூட இறங்கித் தள்ளினாய். "கிரீஸை மாத்துடா" என்பேன். "ஆமாலா, கிரீஸ்தான்" என்று ஹேண்டில் மேல் சாய்ந்து நிற்பாய். பிறகு ஒருநாள் நெஞ்சுவலி என்று ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை.

இன்று நட்டைக் கழற்றினால், உள்ளே வெள்ளைக் கிரீஸ். நான் சொன்ன அதே மெல்லிய வகை. பழையதும் புதியதும் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும் என்பேனே, அதைக்கூடக் கேட்டிருக்கிறாய். பழைய கறை துளியும் இல்லை. பேரிங் குண்டுகள் பளபளத்தன.

"இத எப்ப மாத்தினான், தங்கச்சி?"

"தீபாவளிக்கு முன்னாடிண்ணே. நாள் பூரா இங்கயே உக்காந்து கழுவிக்கிட்டு இருந்தாரு. என்னன்னு கேட்டா, உங்க அண்ணன் நச்சரிப்பு தாங்கலன்னாரு."

தீபாவளிக்குப் பிறகும் நாம் போனோமே. அப்போதும் மேட்டில் நின்றாயே. அப்போதும் கிரீஸ்தான் என்றாயே.

எனக்குப் புரியவில்லை. மாற்றியதை ஏன் சொல்லவில்லை? நான் கிண்டல் செய்வேன் என்றா? இல்லை, கனம் சைக்கிளில் இல்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் டாக்டரிடம் போயிருக்க மாட்டாயா? ஆனால் நீ கணக்கு வாத்தியார். ஒன்றைக் கழித்த பிறகு மீதி என்ன என்று பார்க்காமல் இருந்திருப்பாயா? இப்படியும் தோன்றுகிறது, அப்படியும் தோன்றுகிறது.

துடைத்து, அதே வகைக் கிரீஸை அளவாக வைத்து மூட்டிக் கொடுத்தேன். உன் மனைவி வாசல்வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அட, கனமே இல்லையேண்ணே! இதையா மனுசன் அத்தன நாளா குறை சொன்னாரு?"

"இப்பதானே கிரீஸ் போட்டேன், தங்கச்சி" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. நீ அவரிடம் சொல்லாததை இனி நானும் சொல்லப்போவதில்லை. அது சரியா என்றுதான் தெரியவில்லை, மச்சான்.