கனடா கவரும் உன் அப்பா பேரும்

வாசலூர்பட்டி,
14.6.2003

அன்பு மகள் பானுமதிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்த சிம்லாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க அறப்பளீஸ்வரர் துணை. கனடா காலேஜிலிருந்து வர வேண்டிய கவர் என்ன ஆயிற்று என்றுதான் முதலில் தேடுவாய். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாண்டிப் போகாமல் படி. திங்கட்கிழமை தபாலில் ஒரு அட்டை வந்தது. நம் வீட்டுக்குக் கதவு நம்பர் இல்லையாம், அதனால் கூரியர்காரர்கள் மலைக்கே ஏறவில்லையாம். கவர் சேலத்தில் கிடக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்து உறுதி சொல்லாவிட்டால் கனடாவுக்கே திரும்பிவிடும் என்று போட்டிருந்தது. திரும்பினால் இந்த வருஷம் சேர முடியாது என்று நீதான் எழுதியிருந்தாயே. நீ வேலை பார்க்கிற பண்ணையின் நம்பருக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

செவ்வாயன்று சோளக்காட்டுச் சந்தையில் ராசுவின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். அட்டையில் இருந்த நம்பருக்கு அடித்தால் ஒரு மிஷின் இங்கிலீஷில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. ராசு அமுக்கினான். பாட்டு வந்தது, பாட்டு முடிந்தால் மறுபடி மிஷின். கடைசியில் ஒருவன் இந்தியில் என்னவோ கேட்டு, ராசு பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து. சாயங்கால பஸ் வரும்வரை இதே கூத்து, என் காது சூடானதுதான் மிச்சம்.

புதனன்று தமிழ் பேசும் பெண் ஒருத்தி கிடைத்தாள். முதலில் உன் அப்பாதான் பேசினார். வாங்குபவர் பேர் பெருமாயி என்று இருக்கிறது, அவர்தான் பேச வேண்டும் என்றாள். அப்பா எப்போதும் காட்டில் இருப்பார் என்று நீதான் என் பேரைக் கொடுத்திருக்கிறாய். கவர் நம்பர் சொன்னேன், ஊர் சொன்னேன், உன் பிறந்த தேதி சொன்னேன். சரிபார்க்க உன் அப்பா பேரைச் சொல்லச் சொன்னாள். இருபத்தாறு வருஷமாக நான் வாய் திறந்து சொல்லாத பேர் அது. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ராசுவும் சொல்ல வந்தான், கூட இருப்பவர்கள் சொல்லக் கூடாது என்றுவிட்டாள். நம் பெண்கள் சொல்கிற மாதிரியே, "திருச்செங்கோட்டு மலை மேல இருக்கற முருகன் பேருங்க" என்றேன். நம் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், அவள் எந்த ஊர்க்காரியோ. வேலாயுதமா என்றாள், இல்லீங்க என்றேன். சுப்பிரமணியா, இல்லீங்க. கந்தசாமியா, அதுவும் இல்லீங்க. விடாமல் கேட்கிறாளே, நல்ல பெண் என்றுகூட நினைத்தேன். அவளோ ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். "அம்மா, மூணும் தப்புன்னு லாக் ஆயிடுச்சு, இனி நாளைக்குத்தான். நாளைக்கும் தப்பாச்சுன்னா கவர் திரும்பிடும்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன் கண்ணு. மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கும் நான் வாயைத் திறக்காவிட்டால் நீ கனடா போக மாட்டாய். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, புருஷன் பேரைச் சொல்லாதவள் என்று மெச்சத்தான் செய்வார்கள். சிம்லாவே எனக்குத் தூரம். கொஞ்ச நேரம் அந்த நினைப்பு சுகமாகத்தான் இருந்தது, பிறகு என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

வியாழனன்று உன் அப்பா பூத்துக்கு வெளியே மிளகு மூட்டைகள் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு வேறொரு பெண் எடுத்து, அதே கேள்வியைக் கேட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஹலோ ஹலோ என்கிறாள், வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. செங்கோடன் என்றேன். லைன் சரியில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். வருவது வரட்டும் என்று செங்கோடன், செங்கோடன் என்று கத்தினேன். பஸ் ஏறப் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, "என்னாச்சு பெருமாயி?" என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டார். அந்தப் பெண் சரி என்று சொல்லிவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

நேற்று நாங்கள் இரண்டு பேரும் சேலம் போய்க் கவரை வாங்கிவிட்டோம். பிரிக்கவில்லை, பீரோவில் இருக்கிறது, விசாவுக்கு வரும்போது நீயே வந்து பிரி. வரும் தேதியை உடனே எழுது, கம்பளிச் சட்டை போடாமல் திரியாதே. இனி எந்த ஃபாரத்திலும் இப்படிக் கேட்டால் அப்பா பேரைக் கொடுக்காதே, என் பேரைக் கொடு. அதைச் சொல்ல அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. நீ போவதில் எனக்கு இன்னமும் மனசில்லை சாமி. உன்னை இங்கேயே நிறுத்திக்கொள்ள எனக்கு ஒரு நாள் முழுக்க வழி இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போய் நன்றாகப் படி, நூறு வயசு நல்லா இரு.

உன் அம்மா
பெருமாயி