மச்சாளின் வேலிக்குள் இரண்டு விரற்கடை

அனுப்புநர்:
முத்துக்குமாரு சீவரத்தினம்,
வைரவர் கோவிலடி,
கரவெட்டி.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
மத்தியஸ்த சபை,
கரவெட்டி.

விடயம்: எனது காரின் சில்லுகள் மட்காட்டுக்கு (சில்லை மூடும் தகட்டுக்கு) வெளியே இரண்டு விரற்கடை தள்ளி நின்றதன் காரணமாக, எனது மச்சாள் வேலிப் பொட்டைத் தகரம் வைத்து அடைத்தமை.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்தவன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தபடியால் எனது படிப்பைப் பதினாறாம் வகுப்பு என்று பதியும்படி பல இடங்களில் கேட்டும் எவரும் இணங்கவில்லை. எதிர்த்தரப்பினர் திருமதி குணலட்சுமி குகதாசன். எனது மனைவி இராசமலரின் தங்கை, பக்கத்து வளவுக்காரி. இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. அதில் ஆள் புகுந்து போகத்தக்க பொட்டு ஒன்று உண்டு. கறிச்சட்டி, ஊர்ப்புதினம், சண்டை யாவும் அந்தப் பொட்டால்தான் போய்வந்தன.

2. கொழும்பில் வேலை செய்யும் எனது மகன் நிருஷன், சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, லீவில் வந்து ஓடுவதற்கென எங்கள் வளவில் விட்டிருக்கிறான். மற்ற நாட்களில் அதனை ஓடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பொறுப்பை அவன் எனக்குத் தரவில்லை என்பதையும் சபைக்கு மறைக்க விரும்பவில்லை. கார் நிற்குமிடமும் தெருப் படலைக்குப் போகும் பாதையும் மேற்படி வேலியை ஒட்டியவை.

3. குழியொன்றில் விழுந்து காரின் றிம்கள் நெளிந்தன. மகன் தொலைபேசியில், “அப்பா, பதினேழு இஞ்சி அலோய் போடுங்கோ. ஓஃப்செற் மட்டும் நாப்பத்தஞ்சுக்குக் கிட்ட இருக்கோணும். விளங்குதோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். விளங்கவில்லை.

4. அச்சுவேலியில் ரயர் கடை வைத்திருக்கும் கிறகோரி இரண்டு செற் காட்டினார். இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். ஒன்றில் 45 என்றும் மற்றதில் 20 என்றும் பொறித்திருந்தது. ஐயா, நான் வேலி வழக்குகள் நடந்த குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் அனுபவத்தில் இலக்கம் கூடினால் அடுத்தவன் எல்லைக்குள் போகிறோம் என்றே அர்த்தம். ஆகவே மச்சாளின் வேலிக்கு மரியாதை செய்யும் நல்லெண்ணத்துடன் 20ஐத் தெரிவு செய்தேன்.

கிறகோரி தடுத்தார். “அண்ணை, உது காணி அளவில்லை. றிம்மின்ரை நடுவிலையிருந்து, நட்டுப் பூட்டுற முகம் எவ்வளவு வெளிப்பக்கமாய் இருக்கெண்ட கணக்கு. இலக்கம் குறையக் குறையச் சில்லு வெளியிலை வரும்.” நான், “உமக்குச் சாமான் விக்கிற எண்ணமில்லையோ? பூட்டும்” என்றேன். றிம் பெருத்தால் ரயரின் பக்கம் மெலிய வேண்டும் என்றும் அவர் சொன்னார். ஒருவர் பெருக்க மற்றவர் மெலிவது நான் வீட்டிலே கண்ட விடயம் என்றபடியால் அதை மட்டும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டேன்.

5. கார் வீட்டுக்கு வந்ததும், கண்ணூறு கழிய நசிப்பதற்கென்று சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தவர் மச்சாள்தான். வைத்து நிமிர்ந்தவர், “அத்தான், உங்கடை கார் ஏன் இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு நிக்குது?” என்று கேட்டார். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். “காருக்கு இடுப்பு இருக்கு மச்சாள், வைச்சுக்கொண்டு நிக்குது. உமக்கு அது எங்கையெண்டு தேடவேணும்” என்று பதிலளித்தேன். மேற்படி கூற்று பகிடியாகவே கூறப்பட்டது. காரை உருட்டித் தேசிக்காயை நசித்தேன். எனது மனைவிகூடச் சிரிக்கவில்லை.

6. மறுநாள், மழைத்தண்ணி தேங்கிய பாதையால் காரை எடுத்தேன். வெளியே தள்ளி நின்ற சில்லு வேலிக் கிடுகைக் கிழித்ததுடன், சேற்றை அள்ளி அங்காலே எறிந்தது. அங்காலே பாயில் மச்சாள் பனங்கிழங்கைக் கீறிப் போட்ட ஒடியல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஏசவில்லை. மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து, மட்காட் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, “அக்கா, வந்து பார். உன்ரை மனிசன் கார்ச் சில்லாலை காணி பிடிக்கிறார்” என்று மட்டும் சொன்னார். பின்னேரம் பொட்டில் தகரம் நின்றது.

7. இதனால் ஏற்பட்ட பாதிப்புகள்: முழங்கால் வருத்தக்காரியான எனது மனைவி தங்கையைப் பார்க்க ஒழுங்கையைச் சுற்றிப் போகிறார், போனால் இலகுவில் திரும்புவதில்லை. அங்கே ஒடியல் கூழ் காய்ச்சப்படுகிறது. வாசம் மட்டும் தகரத்தைத் தாண்டி வருகிறது. நான் தகரத்தடியில் நின்று பகிடி விடுகிறேன். பதிலில்லை. ஆனால் அவர் அங்காலே நின்று கேட்கிறார் என்பதற்கு ஆதாரம் உண்டு: சிரிப்பை அடக்கும்போது அவரது காப்புகள் கிலுங்கும். மச்சாள் என்னை ஏசுவதைப் பற்றி எனக்கு ஒருபோதும் முறைப்பாடு இருந்ததில்லை. ஏசாமல் இருப்பதே எனது முறைப்பாடு. நாள் முழுதும் ஏச்சு வாங்காத வீட்டில் இருந்து பார்த்தால் தவிசாளர் ஐயாவுக்கும் விளங்கும்.

8. தற்போது கிறகோரி வீட்டுக்கே வந்து 20ஐக் கழற்றி 45ஐப் பூட்டிவிட்டார். சில்லுகள் மட்காட்டுக்குள் அடக்கமாக நிற்கின்றன. கிடுகும் புதிதாகக் கட்டிக் கொடுத்தேன். எனினும் மச்சாள் வந்து பார்க்க மறுக்கிறார். “கார் உள்ளுக்குப் போயிட்டுதாம். அத்தான்ரை வாய் இன்னும் வெளியிலைதானே நிக்குது” என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாய்க்கு ஓஃப்செற் மாற்ற முடியுமா என்று கிறகோரியிடம் விசாரித்தேன். தன்னிடம் அந்தச் சாமான் இல்லையென்று அவர் சொல்லிவிட்டார்.

9. ஆகவே, மேற்படி குணலட்சுமி அவர்களைச் சபைக்கு அழைத்து, என்னுடன் ஒரே வாங்குப் பலகையில் இருத்தி, அவருக்கு ஆசைதீர என்னை ஏச நேரம் ஒதுக்கித் தருமாறும், அதன்பின் தூக்குக்குண்டுடன் வந்து காரைப் பரிசோதிக்கும்படி அவருக்குப் பணிக்குமாறும், தகரத்தை எடுப்பிக்குமாறும் தங்களை மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். இடுப்புத் தொடர்பான எனது கூற்றைச் சபை முன்னிலையில் மீளப்பெறவும் சம்மதம்.

பொட்டைத் திரும்பத் திறக்கும்போது முன்பிருந்ததைவிட இரண்டு விரற்கடை அகலமாகத் திறக்க உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தை நான் சொல்லமாட்டேன்.

இடம்: கரவெட்டி
திகதி: 2025.03.11

இங்ஙனம்,
இன்னும் ஏச்சு வாங்காத,
மு. சீவரத்தினம்

சாட்சி: இராசமலர் சீவரத்தினம் (கையொப்பமிட மறுத்துவிட்டார், வாசித்துச் சிரித்ததற்கு நான் சாட்சி)

பிரதி: திருமதி குணலட்சுமி குகதாசன், தகரத்துக்குக் கீழால்.