அடுப்புச் சாம்பலில் ஈயக் குண்டுகள்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மறுபடி தறியில் உட்காருகிறார்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை; தெற்குக் காற்றுதான் கூடாரத்தைப் பிய்க்கிறது.

பழைய கோட்டைக்கு எதிர்க்கரையில், நம் மப்புச்சே பழங்குடி மக்கள் வாழ்ந்த குடியிருப்பைத் தோண்டுகிறோம். பெரியம்மையில் அழிந்த ஊர் என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். நேற்று ஓர் அடுப்பைத் துடைத்தேன். சாம்பலுக்குள் அந்தக் கோட்டைச் சிப்பாய்களின் துப்பாக்கிக் குண்டுகள். அடுத்த குடிசையிலும் அதே குண்டுகள்.

கூட வேலை செய்யும் எர்மிந்தா அக்காதான் கத்தினாள்: "அம்மையாடி இது? அம்மை துப்பாக்கியத் தூக்கிட்டா வந்துச்சு?"

"காத்து ஏறுது, இன்னிக்கு மூடிடலாம்மா" என்றார் அகழாய்வை நடத்தும் பேராசிரியர்.

"இத்தன வருஷம் மூடித்தானே கெடந்துச்சு? நான் நகர மாட்டேன்" என்றாள் அக்கா.

அவர் தன் மேல்சட்டையைக் கழற்றிக் குழிக்குக் காற்று மறைப்பாகப் பிடித்தார்.

பயப்படாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறேன். வறுத்த கோதுமை மாவு கொஞ்சம் அனுப்புங்கள். ராத்திரி அக்காவின் கூடாரத்தில்தான் படுக்கிறேன்.

தபால் லாரி கிளம்புகிறது. ஒன்று மட்டும் எழுதுங்கள் அப்பா: அந்த அம்மைக் கதையை நம் வீட்டுக்கு முதலில் சொன்னது யார்?

உங்கள் மகள்,
கல்ஃபுராய்