உன் பாதி மாத்திரைகள்

உன்னுடைய மெழுகுக் கட்டி போன புதன்கிழமை என் கைக்கு வந்தது. ஆய்வகத்தின் பின்னறையிலிருந்து இறக்கிய பழைய பெட்டியில் நூற்றுக்கணக்கானவற்றோடு ஒன்றாக இருந்தது. தபால்தலை அளவு, மேலே எண் மட்டும், பெயர் கிடையாது. எனக்குப் பெயர் எதற்கு? உன் மார்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, சீவிச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றியவளே நான்தான். அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

பெட்டியை இறக்கச் சொன்னவர் புதிதாக வந்திருக்கும் டாக்டர். நம் தமிழ்ப் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மலாய், சீன, இந்திய, பூர்வகுடிப் பெண்களின் பழைய மெழுகுக் கட்டிகளை எடுத்து, யாருக்கு எந்த வகை, என்ன மருந்து, எத்தனை காலம் இருந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறாராம். "ஒரே நோய்தான்க்கா, ஆனா ஒருத்தர விட்டுட்டு ஒருத்தரக் கொண்டுபோவுது. ஏன்னு பார்க்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை நீ எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே, அறுவை முடிந்த நாலாம் நாள், வார்டு கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாய். "மூணு கட்டில், மூணு இனம், ஒரே நோவு. ஆளுக்கொரு மருந்து. அது எப்படிடி?"

சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தக் கேள்வி கேட்கும் வியாதிதான் பெரிய வியாதி. லாபு ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம், தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஏன் அதே வெள்ளை மாத்திரை என்று கேட்டு, கிளினிக்கை விட்டே துரத்தப்பட்டவள் நீ. அந்த மாத்திரையும் நம் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்ததும் ஒரு வீட்டில் நிற்காது. காய்ச்சல் யாருக்கோ, மாத்திரை ஆறு வீட்டுக்கு. "நோவுல என்ன உன் நோவு என் நோவு" என்று உன் அம்மா பாதியாக உடைத்து நீட்டுவார். நாமும் வாங்கி விழுங்கிக்கொண்டுதான் வளர்ந்தோம்.

உன் பரிசோதனை முடிவு வந்த வாரத்தில், விதிப்படி கூடாது என்று தெரிந்தும், சாப்பாட்டு நேரத்தில் உன்னை உள்ளே அழைத்துப் போய் நுண்ணோக்கியில் உன் கட்டியைக் காட்டினேன். நீ பயப்படுவாய் என்று நினைத்தேன். "தே தாரிக் டீ சிந்தின மாதிரில்ல இருக்கு" என்றாய். அந்தப் பழுப்பு நிறம்தான் விஷயம் என்று விளக்கினேன். பெண் உடம்பில் ஊறும் ஹார்மோன் வந்து உட்கார அந்தக் கட்டியில் இடம் இருக்கிறது. அது உட்கார்ந்தால் கட்டி வளரும். மாத்திரை முந்திக்கொண்டு போய் அந்த இடத்தைப் பிடித்துவிடும்.

"ஓ, பஸ்ல துண்டு போட்டு வைக்கிற மாதிரி."

"ஆமா. சில பேர் கட்டில அந்த எடமே இருக்காது. சாயம் ஏத்தினா பழுப்பே வராது, வெறும் நீலந்தான். அவங்களுக்கு இந்த மாத்திரை வேலைக்கு ஆகாது. ஊசி மருந்துதான்."

"சீட்டே இல்லாத பஸ்ல துண்டு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தாய். பத்து வருஷம் இந்த வேலை செய்பவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டார்கள்.

உன் பக்கத்துக் கட்டிலில் இருந்த காக் லீமாவுக்குத்தான் அந்தச் சீட்டில்லாத வகை. அவள் மலாய்க்காரி, காக் என்றால் அவர்கள் பேச்சில் அக்கா; ஒரு தோட்டத்தை ஒட்டிய கம்போங் கிராமத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் தண்ணீராய் வரும். அவள் அட்டையில் மூன்று பரிசோதனைக்கும் மூன்று கழித்தல் குறி. உனக்கு ஐந்து வருஷத்துக்கு மாத்திரை, அவளுக்கு வெறும் ஊசி. "உனக்கு மட்டும் மாத்திர ஊபாட், எனக்கு ஒன்னுமில்லையா?" என்று அவள் மூக்கைச் சிந்தியது எனக்கும் நினைவிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, கேன்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டே நீ சாதாரணமாகச் சொன்னாய்: "அந்த மாத்திரய ஒரு நாள் நான் போட்டுக்குவேன், ஒரு நாள் காக் லீமா."

எனக்குக் கண் மண் தெரியாத கோபம். பங்கு போட்டுத் தின்ன இது என்ன பொங்கலா என்று கத்தினேன். அக்கம்பக்கத்து மேசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அது எந்தப் பிரயோசனமும் இல்லை, கெடுதல்கூட வரலாம், உனக்கோ பாதி மருந்து போய்விட்டது, நுண்ணோக்கியில் காட்டிக் காட்டிச் சொன்னேனே, எல்லாம் வீண்தானா என்றேன். தோட்டத்துப் புத்தி போகாது என்றும் சொன்னேன். அதைச் சொன்னதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் நீ அன்று ஒன்றும் கேட்கவில்லை. "சரி, விடு. இனிமே குடுக்கல" என்று தட்டைத் தள்ளி வைத்தாய்.

சொன்னபடி அதன்பிறகு ஒரு நாளும் விடவில்லை. ஆனாலும் ஐந்தாம் வருஷம் நோய் முதுகெலும்பில் வந்துவிட்டது. அந்தப் பாதி மாத்திரைகளால்தானா என்று ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். ஒருத்தியை வைத்து அதைச் சொல்ல முடியாது என்பது என் மூளைக்குத் தெரியும். மனசு கேட்பதில்லை.

புதன்கிழமை டாக்டரின் பட்டியலில் உன் வரியைப் பார்த்தேன். இந்தியர், ஹார்மோன் வகை, மாத்திரை ஒழுங்காக எடுத்தார், நோய் திரும்பியது, இறந்தார். நீ ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றுதான் டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறாய். நானும் வாய் திறக்கவில்லை. "இப்படிச் சில பேர் இருக்காங்கக்கா" என்றார் டாக்டர், வரியில் விரலை வைத்து. "நம்ம பொண்ணுங்களுக்கு இந்த மாத்திரை சரியா கேக்கலையோன்னு சந்தேகமா இருக்கு."

நீ சொன்ன சின்னப் பொய், நான் மறைத்த பொய், நம் இனத்துப் பெண்களின் உடம்பைப் பற்றிய ஒரு வாக்கியமாக ஆகப் போகிறது. நாளைக்கு கோலா சாவாவிலோ கோலா கிளாவாங்கிலோ ஒருத்தி, "இது நமக்குக் கேக்காதாம்" என்று மாத்திரையை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அது காக் லீமாவின் கதையும்தான். அதனால் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் இருக்கிறாள். நன்றாகவே இருக்கிறாள். ரோட்டோரத்தில் வாழைப்பழத்தைப் பொரித்து பீசாங் கோரெங் விற்கிறாள். பேர் எங்கேயும் வராது, மாத்திரை விஷயத்தை மட்டும் டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"சொல்லு லா. அந்த ஊபாட்தானே என்னைக் காப்பாத்துச்சு."

பேசாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். நீயாக இருந்தால் ஆட்டியிருக்க மாட்டாய். அந்த மாத்திரை உங்கள் கட்டிக்கு வேலை செய்யாது காக், உங்களைக் காப்பாற்றியது ஊசி மருந்து என்று சொல்லிவிட்டேன். அவள் எண்ணெயில் பழத்தைப் புரட்டிப் போட்டாள்.

"அப்ப உனக்கு ஒன்னு தெரியாது" என்றாள். "மொத ஊசியிலயே முடி கொட்டிடுச்சு, ஒரே வாந்தி. சாவறதுன்னா வீட்லயே சாவறேன்னு படுத்துட்டேன். அவ மோட்டோர எடுத்துக்கிட்டு வந்தா. ஊசி போட்டுட்டு வந்தாத்தான் மாத்திர அட்ட, வரலன்னா கிடையாதுன்னா. பத்து மாத்திர. அதுக்காகத்தான் லா ஒவ்வொரு தடவையும் அவ பின்னாடி ஏறி உக்காந்தேன்."

சூடான பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேள்விகள் உன்னுடையவை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேறு ஏதாவது சத்து மாத்திரையைக் கொடுத்திருக்கக்கூடாதா? கொடுத்துப் பார்த்தாயாம், அட்டையில் பேரைப் படித்துவிட்டு இவள் தூக்கி எறிந்தாளாம். ஊசி முடிந்த பிறகும் ஏன் கொடுத்தாய்? செக்கப்புக்கு வரவைக்கவா, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையா? இல்லை, நுண்ணோக்கியில் பார்த்ததையெல்லாம் மறந்து, லயத்துப் பழக்கத்தில் பாதியைப் பங்கு போட்டு நீட்டினாயா? காக் லீமாவுக்கும் தெரியவில்லை. "அவ ஒன்னும் சொல்லல. ஏறுன்னா, ஏறினேன்."

இன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன் வரியைத் திருத்தும் படிவத்தைக் கொடுத்தார். முதல் இரண்டு வருஷம் பாதி அளவு என்று எழுதினேன். கீழே காரணம் கேட்டுக் கட்டங்கள் இருந்தன. மறதி, பக்கவிளைவு, வசதியின்மை, வேறு. ‘வேறு’ என்பதில் குறியிட்டு, "இன்னொரு பெண் சிகிச்சையை முடிக்க வேண்டும் என்பதற்காக" என்று எழுதினேன்.

டாக்டர் படித்துப் பார்த்தார். "இது உங்களுக்கு நிச்சயமா தெரியுமாக்கா?"

தெரியாது. அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான். அந்த வரியை அடித்துவிட்டு, "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வார்டு வரைக்கும் நீ கேட்டாய், நான் பதில் தேடிச் சொன்னேன். முதல் தடவையாக உன்னிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. கேன்டீனில் நான் கத்தாமல் இருந்திருந்தால், அன்றைக்கே கேட்டிருப்பேன்.