ஹொட்டலிலை ரெண்டு கட்டில்

மார்ச் 9, ஞாயிறு. வைலே, டென்மார்க்.

இண்டைக்குத் தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்து விஷயத்தைச் சொல்லிப்போட்டன். ரெண்டு நாளாய் நெஞ்சுக்குள்ளை வைச்சிருந்தது.

பேத்தி ஆரணி சம்மர் லீவுக்கு என்னை இலங்கைக்கு, நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு போறாள். கடற்கரையிலை ஹொட்டலும் தானே பதிஞ்சிட்டாள். வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகேல்லை, அதுக்குள்ளை இவ்வளவு கெட்டித்தனம். அஞ்சாம் வகுப்போடை நிண்ட எனக்கு எவ்வளவு பெருமை!

ஆனால் நிலாவெளி தங்கச்சி கலியாணம் முடிச்சுப் போன ஊர். அவளின்ர வீடு இருக்க நான் ஹொட்டலிலை படுத்தால் ஊர் என்ன சொல்லும்? ஆரணிக்கு இது விளங்காது. "அம்மம்மா, கடல் தெரியிற அறை!" எண்டு டெனிஷிலை சொல்லிச் சிரிக்கிறாள்.

தங்கச்சி முழுக்கக் கேட்டாள். பிறகு, "ஏன் அக்கா, என்ர வீட்டுச் சோறு உங்களுக்கு இறங்காதோ?" எண்டாள்.

"அப்பிடியில்லையடி, அறையிலயிருந்து கடல் தெரியுமாம்..." எண்டு இழுத்தன்.

"உங்கடை அறையிலை எத்தினை கட்டில்?"

"ரெண்டு. ஆரணிக்கு வேறை அறை."

"அப்ப மற்றதிலை நான் படுக்கிறன். நாற்பது வருஷமாய்க் கடலுக்குப் பக்கத்திலை இருக்கிறன், ஒருநாளும் சும்மா இருந்து பாத்ததில்லை."

ரெண்டு பேரும் கண்ணீர் வரச் சிரிச்சம். பக்கத்திலை இருந்த ஆரணியும் உடனை ஓம் எண்டிட்டாள்.

ரெலிபோனை வைக்கேக்கை தங்கச்சி, "சமையல் என்ர பொறுப்பு" எண்டவள். மீன்குழம்புச் சட்டியோடை ஹொட்டல் வாசலிலை வந்து நிண்டாளெண்டால் உள்ளுக்கு விடுவாங்களோ? ஆரணிக்கு இன்னும் சொல்லேல்லை.