அடிமனை தனி

பொன்மலை
9.2.1969

அன்புள்ள தம்பி ஸ்டானிஸ்லாசுக்கு அக்கா ஃப்ளோரா எழுதுவது.

உன் அத்தானின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்துவிட்டு நீயும் ஆலிசும் ரயில் ஏறிய மறுநாளே ஆபீஸிலிருந்து காகிதம் வந்துவிட்டது. மே மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷம் ஒர்க்‌ஷாப் சங்குச் சத்தத்தில் எழுந்த வீடு. கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

பிள்ளை ஐரீனுக்குத் தண்டையார்ப்பேட்டையில் டீச்சர் வேலை உறுதியாகிவிட்டது. அந்தப் பக்கமே சின்னதாக ஒரு வீடு பார். அத்தானின் பிராவிடண்ட் பணம் ஆறாயிரம் வருகிறது. அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. வாடகை வீடு மட்டும் வேண்டாம். இன்னொருத்தர் போகச் சொல்லி நான் பெட்டி கட்டுவது இதுவே கடைசியாக இருக்கட்டும்.

உன் அக்கா,
ஃப்ளோரா


ராயபுரம்
2.3.1969

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று ஞாயிறாக அலைந்து செருப்புத் தேய்ந்துவிட்டது. ராயபுரத்தில் ஆறாயிரம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எண்ணூரில் மின் நிலையம், மணலியில் எண்ணெய் ஆலை என்று கட்ட ஆரம்பித்ததிலிருந்து, கருவாடு காயப்போட்ட மணலுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது. ஒரே குழாயில் ஒன்பது குடும்பம் சண்டை போடும் வீட்டில் ஒரு போர்ஷனுக்குப் பத்து மாத அட்வான்ஸ்! எங்கள் ஹார்பர் குவார்ட்டர்ஸின் அருமை இப்போதுதான் ஆலிசுக்குத் தெரிகிறது.

ஆனாலும் உன் தம்பி கெட்டிக்காரன். காலடிப்பேட்டையில் ஒரு ஓட்டு வீடு. இரண்டு அறை, சமையலறை, கொல்லையில் கிணறு. ஐயாயிரத்து எண்ணூறுதான். புரோக்கர் கஸ்பார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சிரிக்காதே: "இன்னா சார் யோசிச்சிகினு கீறே? அடிமனை தனி சார், அதான் இந்த வெலை. நாளிக்கி வந்தா வூடு கீது, ஆனா உள்ள வேற ஆளு கீறான்."

கேட்டாயா? அடிமனை தனியாம். பொதுச் சுவர் இல்லை, பொதுக் குழாய் இல்லை. அடி கணக்குப் போட்டு அளந்து விட்ட தனி மனை. ஒண்டுக்குடித்தனத் தொல்லையே கிடையாது. அட்வான்ஸ் ஐந்நூறை என் கையிலிருந்தே கொடுத்துவிட்டேன். அதை நீ மெதுவாகக் கொடு.

ஸ்டானிஸ்லாஸ்


பொன்மலை
10.3.1969

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டேன். "அடிமனை தனி" என்று சொல்லிச் சொல்லி ஐரீன் என்னைக் கேலி செய்கிறாள். பணம் வந்துவிட்டது. மீதி ஐயாயிரத்து முந்நூறுக்கு டிராஃப்ட் அனுப்பியிருக்கிறேன். உன் ஐந்நூறை நேரில் வரும்போது கண்டிப்பாகத் தருகிறேன்.

பத்திரத்தை மட்டும் ஒரு வரி விடாமல் படி. ஞானோபதேசப் புத்தகத்திலேயே பக்கம் தாவுகிறவன் நீ!

உன் அக்கா,
ஃப்ளோரா


ராயபுரம்
14.4.1969

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை ரிஜிஸ்தர் ஆயிற்று. வீடு இனி உன் பெயரில். பத்திரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்


காலடிப்பேட்டை
4.8.1969

தம்பிக்கு,

இன்று காலை ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். அடிமனை வாடகை மூன்று மாதம் பாக்கி என்றார். "வீடு மாறி வந்துவிட்டீர்கள் ஐயா, இது சொந்த வீடு" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். "வூடு உன்னுதுதாம்மா, ஆரு இல்லேன்னது? மண்ணு ட்ரஸ்டுக்காரங்களுது. கட்டடத்த வாங்கினே, அடிமனைய வாங்கல."

பக்கத்து வீட்டு கெங்கம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்தேன். ஆலிஸ் கையில் நீ கொடுத்தனுப்பியபோது, தம்பிதான் படித்திருப்பானே என்று பெட்டியில் போட்டதுதான். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: "அடிமனை நீங்கலாக, மேல்கட்டடம் மட்டும்."

மே மாதம் சாமான் இறக்கிவைத்தவன் அதன் பிறகு வாசலை மிதிக்கவில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன். உனக்கு இது முன்பே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

ஃப்ளோரா


ராயபுரம்
9.8.1969

அக்கா,

தெரியும்.

முதலில் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளியவனுக்கு அடிமனையைப் பற்றி என்ன தெரியும்? ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் வாசித்தபோதுதான் "நீங்கலாக" என்றால் என்ன என்று கேட்டேன். கஸ்பார் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னா சார், ஹார்பர்ல கிளார்க்குன்றே, அடிமனை தெரியாதா? மொதல்லயே சொன்னேனே தனின்னு!" என்றான். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்தவன் மாதிரி நானும் சிரித்தேன்.

எழுந்து வந்திருக்கலாம். உன் பணத்தில் ஒரு காசு போயிருக்காது. போயிருக்கக்கூடியது என் அட்வான்ஸ் ஐந்நூறு. அது ஆலிசுக்குத் தெரியாமல் சொசைட்டியில் வாங்கிய கடன். என் ஐந்நூறு போகக்கூடாது என்று உன் ஐயாயிரத்து முந்நூறை எண்ணிக் கொடுத்தேன். இதை எழுத எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது. நீ திட்டினால் நன்றாக இருக்கும்.

அடிமனை வாடகையை ஆயுசுக்கும் நான் கட்டுகிறேன். ஐரீனைத் தங்கள் பையனுக்குக் கேட்டிருக்கும் இன்னாசி வீட்டாருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், அக்கா. உன் காலில் விழுகிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்


காலடிப்பேட்டை
13.8.1969

தம்பிக்கு,

வாடகையைக் கட்டிவிட்டேன். உன் பணம் வேண்டாம்.

திட்ட எனக்கு மனம் வரவில்லை. தெரியாமல் ஏமாந்தது தப்பே இல்லை, நானும்தான் "அடிமனை தனி" என்று ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் ஐரீனைப் பெண் கேட்டபோது, இன்னாசியிடம் "மனையும் வீடும் பெண் பேருக்கு" என்று ஹார்பரில் வைத்துச் சொன்னது நீ. அது ஜூன் மாதம். அப்போது உனக்கு எல்லாம் தெரியும்.

24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவர்கள் நிச்சயம் பேச வருகிறார்கள். நீயே வந்து உன் வாயால் உள்ளதைச் சொல். நான் பக்கத்தில் இருப்பேன். கல்யாணம் நின்றாலும் உன்மேல் பழி போட மாட்டேன். அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், அத்தான்மேல் ஆணை.

அக்கா,
ஃப்ளோரா


காலடிப்பேட்டை
26.8.1969

ஸ்டானிஸ்லாசுக்கு,

கெங்கம்மா வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டு, ஐந்தரை மணி வரை பார்த்தேன். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் ஐரீன் எட்டிப் பார்த்தாள். தாய்மாமன் வரட்டும் என்று அவர்களும் காப்பியைத் தொடவில்லை. கடைசியில் நானே சொன்னேன். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

இன்னாசி காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார்: "இதுக்கா இவ்ளோ பேஜாரு? எங்க வூடும் அடிமனைதாம்மா. எங்கப்பன் காலத்துலேந்து வாடகை கட்டிகினு கீறோம். இங்க பாதி ஊரு அப்டித்தான். மண்ணையும் சேத்து வாங்க நம்மளால ஆவுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெங்கம்மாகூடச் சிரித்தாள், அவள் வீடும் அப்படித்தானாம். நம் இரண்டு பேரைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் இது வெட்கமே இல்லை. ஆனால் நீ வரவில்லை. அதற்கு நான் அவர்களிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அன்றைக்கு நான் கூசியது அதற்குத்தான்.

கல்யாணம் செப்டம்பர் 15. அப்பா இல்லாத பிள்ளை, தாய்மாமன் கைபிடித்துப் பீடம் வரை அழைத்து வருவான் என்று சாமியாரிடம் உன் பெயரைக் கொடுத்திருந்தேன். நேற்றுப் போய் மாற்றிவிட்டேன். நானே அழைத்துப் போகிறேன்.

நீ ஆலிசோடு வந்து மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார். சாப்பிட்டுவிட்டுப் போ.

ஃப்ளோரா